எல்லை கடக்கும் மின்சாரம்

பினாங்குத் தீவில், கொடிமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் ஆயர் ஈத்தாம். தமிழில் ஆயர் என்னும் சொல் முல்லை நிலத்து மக்களைக் குறிக்கும். இவ்வூர்ப் பெயருக்கும் அவர்களுக்கும் தொடர்பு இல்லை. மலாய் மொழியில் ‘ஆயர்’ என்பது நீர். ‘ஈத்தாம்’ என்பது கறுப்பு. கருநீர் என்று பொருள்படும் இவ்வூர் பெயரிலேயே நீரைத் தாங்கி நிற்கின்றது. மலையினின்று இறங்கும் ஓடைகளின் நீரைத் தேக்கி, நகர மக்களின் குடிநீருக்கென ஊருக்கு மேலே கட்டப்பெற்ற அணை 1962-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. ஆயினும் தீவின் நீர் தீவுக்குப் போதவில்லை. பினாங்கு மாநில மக்கள் இன்று பருகும் நீரில் பெரும்பகுதி, கெடா மாநிலத்து மலைகளில் பிறந்து வரும் மூடா ஆற்றினின்று எடுக்கப்பெறுவதாகும்.

நீருக்கு நேர்ந்ததே மின்சாரத்துக்கும் நேர்ந்தது. முதலில் ஒரு சுரங்கத்துக்கு ஒரு பொறி என்றிருந்தது. பின்னர் ஒரு நகருக்கு ஒரு நிலையம் என்றாயிற்று. அதன்பின் ஒரு நாட்டுக்கு ஒரு மின் தொகுப்பு அமைந்தது. இன்று ஒரு நாட்டின் ஆறு மற்றொரு நாட்டின் விளக்கை எரிக்கும் நிலை வந்துள்ளது. ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளில் நிகழ்ந்த இந்த வளர்ச்சியின் வரலாறு, கம்பியின் வரலாறு மட்டும் அன்று. நாடுகள் ஒன்றையொன்று நம்பத் தொடங்கியதன் வரலாறும் ஆகும்.

தனித்து எரிந்த விளக்குகள்

மலாயாவில் மின்சாரம் பயன்பட்டதாகப் பதிவாகியுள்ள முதல் நிகழ்ச்சியில் ஒரு தமிழர்க்குப் பங்கு உண்டு. 1894-ஆம் ஆண்டில் சிலாங்கூரில் உள்ள ரவாங் என்னும் ஊரில், தம் ஈயச் சுரங்கத்தில் மின்பொறியை நிறுவியவர்கள் இருவர். ஒருவர் சீனப் பெருவணிகர் லோக் இயூ. மற்றவர் தம்புசாமிப் பிள்ளை. கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலோடும் பத்துமலையோடும் இணைத்துத் தமிழர் நினைவில் வைத்திருக்கும் அதே தம்புசாமிப் பிள்ளைதான் அவர்.

1900-ஆம் ஆண்டில் பகாங் மாநிலத்து ரவூப் பொற்சுரங்கத்தார், செம்பாம் ஆற்றின் வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரம் ஆக்கினர். மலாயாவின் முதல் நீர்மின் நிலையம் அதுவே. வற்றாது புதுப்பிக்கப்படும் ஆற்றலை இந்நாட்டார் பயன்படுத்தியது அண்மைக் காலத்துப் புதுமை எனப் பலர் கருதுகின்றனர். ஓடும் ஆற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் முறை, மலாயாவில் மின்விளக்கு வந்த ஆறே ஆண்டுகளில் வந்துவிட்டது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. பின்னர்ப் பேராக் ஆற்றில் செண்டரோ அணை எழுந்தது. 1930-ஐ ஒட்டி இயங்கத் தொடங்கிய அந்நிலையம், கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வழங்கிற்று.

இவை யாவும் தனித் தனித் தீவுகள் போன்றவை. ஒரு நிலையத்தில் பழுது நேர்ந்தால் அதனை நம்பியிருந்த இடம் இருளில் ஆழ்ந்தது. பக்கத்து நிலையத்தில் மிகுதியான மின்சாரம் இருந்தாலும் அதனைக் கொண்டுவர வழி இல்லை.

பினாங்கின் ஒளி

பினாங்கில் ஜார்ஜ் டவுன் நகராட்சி 1904-ஆம் ஆண்டில் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. அதன் பயனை முதலில் துய்த்த ஊர்களுள் ஆயர் ஈத்தாமும் ஒன்று. துறைமுகத்தையும் ஆயர் ஈத்தாமையும் முன்பு நீராவி டிராம் வண்டி இணைத்தது. 1906-ஆம் ஆண்டளவில் அத்தடத்தில் மின்சார டிராம் ஓடியது. 1936-இல் டிராம் நின்றபின், மேலே கம்பியைத் தொட்டபடி சாலையில் ஓடும் டிராலி பேருந்துகள் 1961 வரையில் நகரில் ஓடின. 1923-ஆம் ஆண்டில் ஆயர் ஈத்தாம் அடிவாரத்திலிருந்து கொடிமலை உச்சிக்குச் செல்லும் இழுவை ரயில் இயங்கத் தொடங்கியது. அதனை மேலே இழுத்ததும் மின்சாரமே.

இத்துணைப் பயனைத் தந்த மின்சாரம் நெடுங்காலம் நகராட்சியின் உடைமையாகவே இருந்தது. 1949-ஆம் ஆண்டில் மலாயாவில் மத்திய மின்சார வாரியம் அமைக்கப்பெற்றது. அது 1965-இல் தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாறிற்று. 1990-இல் தெனாகா நேஷனல் என்னும் நிறுவனமாயிற்று. பினாங்கு நகராட்சியின் மின் துறை 1976-ஆம் ஆண்டில்தான் தேசிய வாரியத்தோடு சேர்ந்தது. அதற்குள் மேற்குக் கரையின் மின் நிலையங்கள் ஒரே தொகுப்பாகப் பிணைக்கப்பட்டிருந்தன. கேமரன் மலையின் அருவி நீரும், துறைமுகங்களில் இறங்கிய எரிபொருளும் ஒரே கம்பியில் கலந்தன. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உள்ள கடற்கால் மின்சாரத்துக்கு எல்லையாக இராமற் போயிற்று.

எல்லையைத் தாண்டிய கம்பி

நாட்டுக்குள் தொகுப்பு அமைந்தபின், அடுத்த கேள்வி இயல்பாகவே எழுந்தது. கெடாவுக்கு வடக்கே தாய்லாந்து. ஜொகூருக்குத் தெற்கே சிங்கப்பூர். அங்குள்ள கம்பிகளோடு இங்குள்ளவற்றை இணைத்தல் ஆகாதா?

1980-களின் தொடக்கத்தில் பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கும் தாய்லாந்தின் சடாவ் நகரும் இணைக்கப்பெற்றன. ஏறத்தாழ 80 மெகாவாட் அளவே செல்லக்கூடிய சிறு பாதை அது. 1985-இல் ஜொகூரின் பிளந்தோங்கும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸும் இணைந்தன. இரண்டும் பெரு வணிகத்துக்காக எழுந்தவை அல்ல. ஒருவர் வீட்டில் உப்புத் தீர்ந்தால் அடுத்த வீட்டில் கைமாற்று வாங்குவது போல, நெருக்கடியில் உதவிக்கொள்ளவே அவை பெரிதும் பயன்பட்டன.

பெரிய இணைப்பு 2001-2002 ஆண்டுகளில் வந்தது. கெடா மாநிலத்துக் குருன் என்னும் ஊரிலிருந்து தாய்லாந்தின் சொங்க்லா மாநிலத்துக் குலோங் ஙே வரையில் ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீளத்துக்கு, 300 கிலோவோல்ட் அழுத்தத்தில், 300 மெகாவாட் செல்லத்தக்க பாதை அமைந்தது. குருன் இருப்பது ஜெராய் மலையின் அடியில். பழந்தமிழர் கடாரம் என்று அறிந்திருந்த நாட்டில். கடாரத்துக் கரையில் இறங்கிய பண்டங்களைத் தீபகற்பத்தின் குறுக்கே கீழைக் கரைக்குக் கொண்டு சென்ற நிலவழிகள் பண்டு இருந்தன. அந்தத் திசையிலேயே இன்று மின்கம்பி செல்கின்றது. 1918-இல் பினாங்கின் எதிர்க்கரையையும் தாய்லாந்தையும் இணைத்த இருப்புப்பாதையும் இந்த நிலப்பகுதியை ஊடறுத்துச் செல்வதே.

தாளம் தவறாமை

இரு நாட்டு மின்சாரத்தை இணைப்பது, இரு குழாய்களைப் பொருத்துவது போல் எளிதன்று. வீடுகளுக்கு வரும் மின்னோட்டம் திசை மாறி மாறிப் பாய்வது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் அது வினாடிக்கு 50 சுழல் என்னும் கணக்கில் பாய்கின்றது. எண் ஒன்றாயிருந்தால் மட்டும் போதாது. இரு பாடகர் சேர்ந்து பாடும்போது தாளத்தின் ஒவ்வோர் அடியும் ஒருங்கே விழ வேண்டுவது போல, இரு தொகுப்புகளின் அலையும் ஒருங்கே எழுந்து ஒருங்கே விழ வேண்டும். ஒரு பக்கம் தாளம் பிசகினால் மறு பக்கமும் தடுமாறும். பழுது எல்லை தாண்டிப் பரவும்.

இதனைத் தவிர்க்கவே குருன் பாதையில் ஒரு திசையில் மட்டும் பாயும் நேர் மின்னோட்டம் பயன்படுத்தப்படுகின்றது. ஒரு முனையில் மாறு மின்னோட்டம் நேர் மின்னோட்டமாக்கப்படும். மறு முனையில் அது மீண்டும் மாறு மின்னோட்டமாக்கப்படும். இவ்வாறு செய்யின், இரு நாடுகளும் தத்தம் தாளத்தில் இயங்கிக்கொண்டே மின்சாரத்தைப் பகிரலாம். எவ்வளவு அனுப்புவது, எப்போது நிறுத்துவது என்பதையும் கையால் திறந்து மூடும் மடை போலக் கட்டுப்படுத்தலாம்.

அழுத்தத்தை உயர்த்துவதற்கும் காரணம் உண்டு. ஒரே அளவு ஆற்றலை அனுப்பும்போது அழுத்தம் இருமடங்கானால் மின்னோட்டம் பாதியாகும். கம்பியில் வெப்பமாகி வீணாவது நான்கில் ஒரு பங்காகக் குறையும். நெடுந்தொலைவுக்கு மின்சாரத்தை அனுப்புதல் இயன்றது இந்த எளிய விதியால்தான்.

மேக்கோங்கின் முன்னோடி

ஆறுடைய நாடு ஆறற்ற நாட்டுக்கு மின்சாரம் தருதல் என்னும் முறைக்குத் தென்கிழக்காசியாவில் வழிகாட்டியது லாவோஸ். மலைகளும் மேக்கோங்கின் கிளையாறுகளும் நிறைந்த அந்நாட்டில் மக்கள் தொகை குறைவு, தொழிற்சாலைகளும் குறைவு. எல்லைக்கு அப்பால் தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதிக்கோ மின்சாரம் மிகுதியாகத் தேவைப்பட்டது.

நாம் நும் ஆற்றின் அணை 1968-இல் தொடங்கி 1971-இல் நிறைவுற்றது. பல நாடுகளின் பொருளுதவியால் எழுந்த அந்த அணையில் முதற்கண் 30 மெகாவாட் ஆற்றலுள்ள பொறிகளே இருந்தன. கட்டும் காலத்தில் தாய்லாந்து சிமெண்டும் மின்சாரமும் தந்தது. அணை முடிந்தபின் லாவோஸ் அக்கடனை மின்சாரமாகவே அடைத்தது. விதை நெல் வாங்கி, அறுவடையில் நெல்லாகவே திருப்பித் தரும் உழவர் வழக்கத்தை இது நினைவூட்டும்.

இதனினும் வியத்தகு செய்தி ஒன்று உண்டு. 1975-ஆம் ஆண்டில் லாவோசில் ஆட்சி முறையே மாறிற்று. மன்னராட்சி போய்ப் பொதுவுடைமை ஆட்சி வந்தது. தாய்லாந்துக்கும் அதற்கும் பகைமை மூண்டது. எனினும் நாம் நும் மின்சாரம் மேக்கோங்கைக் கடந்து சென்றவண்ணமே இருந்தது. ஒரு சாரார்க்கு விளக்கு வேண்டும். மற்றொரு சாரார்க்கு அயல்நாட்டுப் பணம் வேண்டும். இரு சாராருக்கும் உண்மையான தேவை இருந்தமையால் உடன்படிக்கை நிலைத்தது.

நான்கு நாடுகளும் ஓர் உண்டியலும்

தென்கிழக்காசிய நாடுகள் அனைத்தையும் ஒரே மின் தொகுப்பாக இணைக்க வேண்டும் என்னும் கருத்தை ஆசியான் அமைப்பு 1997-ஆம் ஆண்டில் தன் தொலைநோக்குத் திட்டத்தில் சேர்த்தது. 2007-இல் அதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆயினும் நெடுங்காலம் இணைப்புகள் இரண்டிரண்டு நாடுகளுக்கு இடையிலேயே நின்றன. 2018-ஆம் ஆண்டில் லாவோசின் மின்சாரம் தாய்லாந்து வழியாக மலேசியாவுக்கு 100 மெகாவாட் அளவுக்கு விற்கப்பட்டது. அளவு மறு ஆண்டில் 300 மெகாவாட் வரை உயர்த்தப்பட்டது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அடுத்த படி எடுத்து வைக்கப்பெற்றது. லாவோசின் நீர்மின்சாரம் 100 மெகாவாட் வரையில் தாய்லாந்து, மலேசியா ஆகிய இரு நாடுகளையும் கடந்து சிங்கப்பூர் சென்றது. நான்கு ஆசியான் நாடுகள் சேர்ந்து செய்த முதல் மின் வணிகம் இதுவே. இதற்கெனப் புதுக் கம்பி ஏதும் இழுக்கப்படவில்லை. முன்னரே இருந்த இணைப்புகளே பயன்பட்டன.

இங்கு ஓர் ஐயம் எழலாம். லாவோசின் மலையில் பிறந்த மின்சாரம் அப்படியே சிங்கப்பூரின் விளக்கைச் சென்றடைந்ததா? இல்லை. மின்சாரம் முகவரி பார்த்துப் போவதன்று. தொகுப்புக்குள் நுழைந்தபின் பெரும்பாலும் அருகில் உள்ள தேவையையே அது நிறைவு செய்யும். லாவோஸ் தந்தது தாய்லாந்தின் வடகிழக்கில் செலவாகும். அதற்கு ஈடாகத் தாய்லாந்தின் தெற்கிலிருந்து அதே அளவு குருனில் இறங்கும். குருனில் இறங்கியது கெடாவிலும் பினாங்கிலும் செலவாகும். அதற்கு ஈடாக ஜொகூரிலிருந்து அதே அளவு சிங்கப்பூருக்குப் போகும். கணக்கேட்டில் சிங்கப்பூருக்கென எழுதப்பெற்ற மின்சாரத்தில் ஒரு சிறு கூறு ஆயர் ஈத்தாமின் கடைத்தெரு விளக்குகளில் எரிந்திருக்கக் கூடும்.

பினாங்குத் தமிழர்க்கு இம்முறை புதிதன்று. பினாங்கு வீதியில் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்திய உண்டியல் முறை இத்தகையதே. ஒருவர் பினாங்கில் பணத்தைக் கட்டினார். அவர் வீட்டார் செட்டிநாட்டில் அதனைப் பெற்றுக்கொண்டனர். இங்கே கட்டிய அதே காசு கப்பலேறிப் போகவில்லை. இங்குள்ள பெட்டியில் சேர்ந்தது ஒன்று; அங்குள்ள பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தது மற்றொன்று. இடையில் பயணம் செய்தது ஒரு சீட்டும் ஒரு சொல்லுமே. எல்லை கடக்கும் மின்சாரமும் பெரும்பாலும் இவ்வாறே கடக்கின்றது.

நாணயம்

தமிழில் நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். உண்டியலின் உயிர் இரண்டாவது பொருளில் இருந்தது. மின்சார உண்டியலும் அவ்வாறே. வழியில் உள்ள நாடு தன் கம்பியைப் பயன்படுத்த எவ்வளவு கூலி பெறுவது, கம்பியில் வீணாகும் பங்கை யார் ஏற்பது, ஒரு நாட்டில் பழுது நேர்ந்தால் மற்றவர் என் செய்வது, இம்மின்சாரம் உண்மையில் நீரிலிருந்து வந்ததா நிலக்கரியிலிருந்து வந்ததா என்பதற்கு யார் சான்று தருவது ஆகிய இவை யாவும் பேசி முடிவு செய்ய வேண்டியவை. பொறியாளர் தம் பணியை முடித்துப் பல ஆண்டுகள் ஆன பின்னும் இவை முடியாமல் நிற்பதுண்டு. நான்கு நாட்டுத் திட்டத்தின் முதற் கட்டம் இரண்டாண்டுக்கே வகுக்கப்பெற்றது. அதனை நீட்டி 200 மெகாவாட் வரை உயர்த்த முயன்றபோது, கம்பி தயாராக இருந்தும் உடன்படிக்கைகளைப் புதுப்பிக்கும் பேச்சு நீண்டது.

மலேசியாவும் இத்தகைய தயக்கத்துக்கு விலக்கன்று. 2021-ஆம் ஆண்டில் அது, புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைச் சிங்கப்பூருக்கு விற்பதைத் தடை செய்தது. உள்நாட்டுத் தேவையே முதன்மை என்பது அதன் கருத்து. 2023-இல் அத்தடையை நீக்கிற்று. 2024-இல் எல்லை தாண்டிய பசுமை மின் வணிகத்துக்கென ஒரு சந்தையையும் தொடங்கிற்று.

இத்தனை இடர்ப்பாட்டுக்கும் பின் பகிர்வு ஏன் வேண்டும்? வெயில் பகலில் மட்டுமே உண்டு; ஆறு மழைக்காலத்தில் பெருகிக் கோடையில் மெலியும். தேவையும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஏப்பிரல் மாதத்துச் சொங்க்ரான் விழாவில் தாய்லாந்தின் தொழிற்சாலைகள் ஓய்வெடுக்கும். ஹரிராயா நாளில் மலேசியாவில் ஓய்வு. ஒருவர்க்கு மிகுதியாயுள்ள வேளையில் மற்றவர்க்குக் குறையாயிருக்கும். தனித்து நிற்பவர் தம் குறைக்கென ஒரு நிலக்கரி நிலையத்தைக் காத்து வைத்திருக்க வேண்டும். இணைந்து நிற்பவர்க்கு அந்தச் சுமை குறையும். எங்கும் இவ்வுண்மை உணரப்பட்டுள்ளது. 1958-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு லாஃபன்பர்க் என்னும் சிற்றூரில் சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், செருமனி ஆகிய மூன்று நாட்டுத் தொகுப்புகளும் இணைக்கப்பெற்றன. அண்மைக் காலம் வரை போரிட்ட நாடுகள் அவற்றுள் இரண்டு. 2024-ஆம் ஆண்டு நவம்பரில் நேபாளத்தின் நீர்மின்சாரம் 40 மெகாவாட் அளவுக்கு இந்தியக் கம்பிகள் வழியாக வங்காளதேசம் சென்றது.

தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே மட்டும் இன்னும் கம்பி இல்லை. மதுரைப் பக்கத்திலிருந்து கடலைக் கடந்து இலங்கையின் வடபகுதியை இணைக்கும் எண்ணம் பல பத்தாண்டுகளாகப் பேசப்படுகின்றது. 2025-ஆம் ஆண்டு ஏப்பிரலில் இரு அரசுகளும் புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. இடையில் உள்ள கடல் குறுகியது. அங்கும் தாமதத்துக்குக் காரணம் கடலின் அகலம் அன்று.

கணக்கில் வராதவர்கள்

இவ்வரலாற்றில் மறைக்கலாகாத பக்கம் ஒன்று உண்டு. 2018-ஆம் ஆண்டு ஜூலை 23-இல் லாவோசின் தென்பகுதியில், கட்டப்பட்டு வந்த செப்பியன் செனாம்நோய் நீர்மின் திட்டத்தின் துணை அணை ஒன்று உடைந்தது. வெள்ளம் ஊர்களை வாரிச் சென்றது. பலர் மாண்டனர், ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். அத்திட்டத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி தாய்லாந்துக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. விளக்கு ஒரு நாட்டில். வெள்ளம் மற்றொரு நாட்டில்.

உடையாத அணைகளும் விலை கேட்கின்றன. 2010-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய நாம் தூன் இரண்டாம் அணைக்காக ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர். ஆற்றின் போக்கு மாறியதால் கீழ்க்கரை மக்களின் மீன்பிடியும் கரைத்தோட்டங்களும் குன்றின. மலேசியாவும் இதனை அறியும். பேராக்கின் தெமெங்கோர் அணை நீரில் பூர்வ குடிகளின் நிலங்கள் மூழ்கின. புதுப்பிக்கத்தக்க மின்சாரம் புகையின்றி வருவது உண்மை. விலையின்றி வருவதில்லை. அந்த விலையைத் தருபவர் எல்லைக்கு அப்பால் இருந்தால், விளக்கு எரிப்பவர்க்கு அவர் முகம் தெரிவதில்லை. நிலக்கரியின் புகை எரிப்பவர் ஊரையே முதலில் கறுக்கச் செய்தது. ஆதலால் குறையை அவரே கண்டார். தொலைவிலிருந்து வரும் தூய மின்சாரத்தில் குறையைக் காணக் கருத்தோடு தேட வேண்டியுள்ளது.

ஆகவே, நாடுகளின் மின் பகிர்வைப் பற்றி எண்ணும்போது இரண்டு கணக்குகளைக் கேட்க வேண்டும். நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே உள்ள கணக்கு நேராக இருக்கின்றதா என்பது ஒன்று. நாம் நும் அணையின் அரை நூற்றாண்டு வாழ்வு, அது இயலும் என்று காட்டுகின்றது. ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்க்கும் விளக்கொளியில் வாழ்பவர்க்கும் இடையே உள்ள கணக்கு நேராக இருக்கின்றதா என்பது மற்றொன்று. அதற்கான ஏடு இன்னும் சரிவரத் திறக்கப்படவில்லை. மின்சாரத்துக்குக் கூலியும் வரியும் வகுக்கும் உடன்படிக்கைகளில், இடம்பெயர்ந்தோர்க்குரிய பங்கும் அணைகளின் காப்பும் விலையோடு சேர்த்து எழுதப்படுமாயின் அக்குறை நீங்க வழி பிறக்கும்.

ரவாங்கில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் ஏற்றிய விளக்கின் செலவு முழுவதும் அவர்கள் கண்முன்னே இருந்தது. அதற்குப் பணம் செலவிட்டவர் அவர்களே. ஒளியைக் கண்டவரும் அவர்களே. ஆயர் ஈத்தாமின் இன்றைய விளக்குக்குப் பின்னே எத்தனை ஆறுகள், எத்தனை ஊர்கள், எத்தனை உடன்படிக்கைகள் உள்ளன என்பதை ஒருவர் நூல்களிலிருந்தே அறிய வேண்டும். பள்ளியில் மின்சாரப் பாடம் நடத்தும் ஆசிரியர், கம்பியும் சுருளும் வரைந்து காட்டியபின் ஒரு தேசப்படத்தையும் சுவரில் மாட்டி, குருனையும் குலோங் ஙேயையும் நாம் நும் ஆற்றையும் மாணவர்க்குச் சுட்டிக் காட்டுதல் நன்று.